ஓசூருக்குப் போற லைன்

உள்ள வாங்க அம்மிணி. செருப்ப அங்கயே கழட்டிப்போட்டு வாங்க. எத்தனை தடவை போன் பண்ணி, எத்தனை பேரைத் திட்டி, கடைசியில உங்களத்தான் அனுப்பி வெச்சாங்களா உங்க ஆபீஸ்ல? பொம்பளப் புள்ளைய அனுப்புனா இந்த ஆளு சத்தம் போட மாட்டான்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குது. அப்படி ஒண்ணும் இல்லீங்க. யாரு வந்தாலும் நான் சத்தம் போடுவேன். எம்பட தொண்டையே அப்படித்தான். காங்கேயத்துல தேங்காய்க் களம் வெச்சிருக்கறவன் மெல்லப் பேசுனா ஒரு வேலையும் ஆகாது. களத்துக்கு அந்தக் கோடியில கொப்பரை காயப் போடற ஆளுக்கு இந்தக் கோடியில இருந்து சொன்னாக் கேக்கோணுமில்ல.

உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம், இதுல உக்காருங்க. அந்தச் சேரைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா? செரி. அப்ப நான் சொல்றத மொதல்ல முழுசாக் கேளுங்க. அதுக்கப்புறம் உங்க மிஷினை வெளிய எடுங்க. முன்னால வந்தவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? வாசல்ல நின்னபடியே போன்ல என்னத்தையோ தட்டிப் பாத்தான். 'இன்டர்நெட்டு லைன் நல்லா இருக்குதுங்க சார்'னான். வண்டியத் திருப்பீட்டான். நல்லா இருந்தா நான் எதுக்குங்க கூப்புடறேன்? எனக்கு வேற சோலி இல்லையா? அதுவும் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணுனா உடனே ஒரு மனுசனா எடுக்கறான்? ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு ஒரு பொம்பளக் குரலு ஓடுது. அந்தக் குரலையும் நான் திட்டியிருக்கேன். அதுக்கு உறைக்கவா போகுது.

விஷயம் இதுதான். எம் பொண்ணு ஓசூர்ல இருக்கறா. தாரணின்னு பேரு, நாங்க பாப்பான்னு கூப்புடறது. ஒரே பொண்ணு. அங்க ஒரு கம்பெனியில வேலை, இப்பக் கொஞ்ச நாளா ஊட்டுல இருந்தே பாக்கறா. மாப்பிள்ளை ஜெகதீசனுக்கும் அந்த ஊர்லதான். பாப்பா இப்ப முழுகாம இருக்கறா, ஏழாம் மாசம். தலைப்பிரசவம் அம்மா ஊட்டுலதான்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. வளைகாப்புப் போட்டு, கையோட இங்க கூட்டிட்டு வந்தரோணும். அதுக்கு அவ 'செரிங்கப்பா, வர்றேன்'னு ஒரு வார்த்தை சொல்லோணும். அந்த ஒரு வார்த்தைதான் உங்க லைன்ல வந்து சேர மாட்டேங்குது.

வீடியோ கால்ல நான் கேக்கறேன், 'பாப்பா, எப்பக் கண்ணு கூட்டிட்டு வரட்டும்?' அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. அப்படியே நிக்குது. நான் 'ஹலோ, ஹலோ'ங்கறேன். கொஞ்சங் கழிச்சு, 'என்னுங்கப்பா?'ன்னு வருது. மறுபடி கேட்டா மறுபடியும் நிக்குது. அப்புறம் 'அம்மா எங்கீங்க?'ன்னு வேற எதையோ கேக்கறா. நான் கேட்டது அங்க போய்ச் சேந்துச்சா, பாதி வழியில விழுந்துருச்சா, ஒரு எழவும் தெரியறதில்ல. அமெரிக்காவுல புள்ளைய வெச்சிருக்கறவனெல்லாம் பக்கத்து ரூமுல இருக்கறாப்பல பேசறான். எங்க களத்துக்கு எதுத்தாப்பல எண்ணெய் மில்லு வெச்சிருக்கற பொன்னுசாமி மகன் கனடாவுல இருக்கறான். அப்பனும் மகனும் போன்ல சண்டையே போடறாங்க. இவரு ஒண்ணு சொல்ல, அவன் அந்த நிமிசமே ஒண்ணு சொல்ல, கேக்கறதுக்கே நல்லா இருக்குது. கனடாவுக்கு நடுவுல கடல் கெடக்குது. ஓசூருக்கு நடுவுல என்னங்க கெடக்குது? தருமபுரிதான் கெடக்குது.

சிரிக்காதீங்க. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

இது லைன் கோளாறுன்னு நானாச் சொல்லல, அதையும் கேட்டுக்கங்க. மாப்பிள்ளைதான் மொத மொதச் சொன்னாரு. ஒரு நாள் நான் கேட்டுட்டே இருக்கறேன், படத்துல பாப்பா அப்படியே உக்காந்திருக்கறா, பதிலே இல்ல. பக்கத்துல இருந்து மாப்பிள்ளை தலைய நீட்டி, 'மாமா, நெட்டு கொஞ்சம் ஸ்லோவா இருக்குதுங்க மாமா, அப்புறம் கூப்புடறோம்'னாரு. நல்ல மனுசன், மரியாதை தெரிஞ்சவரு. இஞ்சினியரிங் படிச்சவரு சொன்னா நான் நம்பாம இருக்க முடியுங்களா? அவங்க ஊட்டு லைனையும் மாத்தச் சொன்னேன். மாத்துனாங்க. அப்பவும் அதே கதைதான். அப்பக் கோளாறு எங்க பக்கந்தானே இருக்கோணும்?

மொதல்ல நான் மரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். வாசல்ல ஒரு முருங்கை இருந்துச்சு, உங்க ஒயரு அதுல உரசிட்டுப் போகும். வெட்டிப்போட்டேன். நல்லாக் காய்க்கற மரம். ருக்குமணி எங்கூட அன்னைக்கெல்லாம் பேசவே இல்ல. ருக்குமணிங்கறது எம் பொண்டாட்டி. பேசாட்டி என்ன, அவ எங்கிட்டப் பேசறதே கம்மிதான். மரம் போயும் லைன் அப்படியேதான் இருந்துச்சு. அப்புறம் பக்கத்து ஊட்டுல ஒருத்தன் பொழுதன்னைக்கும் கம்ப்யூட்டர்ல துப்பாக்கி விளையாட்டு விளையாடறான்னு தெரிஞ்சுது. அதுதான் எங்க லைனை இழுக்குதுன்னு நேரா அவங்கப்பங்கிட்டப் போயி நல்லாக் கேட்டுப்போட்டேன். பாத்தா அவங்க வேற கம்பெனி லைனாம். எனக்கெப்படிங்க தெரியும்? இப்ப அவங்க எங்களோட மொகங்குடுத்துப் பேசறதில்ல. அதுவும் உங்களாலதான்.

அப்புறந்தான் ஒண்ணு கவனிச்சேன். நான் பேசுனா நிக்கற லைன், ருக்குமணி பேசுனா நிக்கறதில்ல. நான் கேக்கறேன், 'டாக்டரு என்ன சொன்னாங்க?' பதில் இல்ல. ருக்குமணி குனிஞ்சு, 'டாக்டரு என்ன சொன்னாங்கன்னு அப்பா கேக்கறாரு சாமி'ங்கறா. டக்குனு வருது, 'எல்லாம் நல்லா இருக்குதுன்னாங்கம்மா.' நான் கேக்கறேன், 'மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்புடறயா?' நிக்குது. 'மாத்திரை சாப்புடறயான்னு அப்பா கேக்கறாரு.' உடனே வருது. அதுவும் 'ஆமாம்மா'ன்னு அவளுக்குத்தான் வருது. நான் சொன்னத அப்படியே திருப்பித்தானே அவ சொல்றா, ஒரு எழுத்து மாறல. இது என்ன கூத்துன்னு ரோசனை பண்ணிப் பாத்தேன். அவ உக்காந்திருக்கற எடத்துல சிக்னல் நல்லா இருக்குது, அதுதான் விஷயம். அதோ, அந்தச் சேருதான். நீங்க அதுல உக்காந்து மிஷினை வெச்சா நல்லாத்தான் காட்டும், நீங்களும் வண்டியத் திருப்பீருவீங்க. அதான் வேண்டாம்னேன்.

நான் அந்தச் சேருக்கு மாறி உக்காந்தேன். அவள இங்க உக்கார வெச்சேன். மாத்தமே இல்ல. நான் பேசுனா நிக்குது, அவ பேசுனா ஓடுது. எம்பட குரலு கனம், அதனால லோடு அதிகமாகுமான்னு உங்க ஆபீசுக்கே போன் பண்ணிக் கேட்டேன். எடுத்த பொண்ணு போனைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. எனக்குக் காது நல்லாக் கேக்கும் அம்மிணி. கொப்பரைய ஒடச்சா, அந்தச் சத்தத்துலயே உள்ள ஈரம் இருக்குதா இல்லையான்னு சொல்லிப்போடுவேன். கொப்பரை வாங்க வர்ற வெளியூரு ஏவாரிக ஈரம் பாக்கறதுக்கு மிஷின் கொண்டுட்டு வருவாங்க. அது அவனவன் வசதிக்குத் தகுந்தாப்பல காட்டும். நான் காதுல கேட்டுச் சொன்னது இன்னைக்கு வரைக்கும் பொய்யானதில்ல.

கனம்தான் காரணமா இருக்குமோன்னு பேச்சையும் சுருக்கிப் பாத்தேன். 'எப்பக் கண்ணு கூட்டிட்டு வரட்டும், ரூமெல்லாம் தயாரா இருக்குது'ன்னு நீட்டாம, 'வர்றயா?'ன்னு மட்டும் கேட்டேன். அதுக்கு இன்னும் அதிக நேரம் நின்னுச்சு. ருக்குமணி சொல்றா, 'கேட்டுப்போட்டுக் கொஞ்சம் சும்மா இருங்க. ஹலோ ஹலோன்னு கத்தாதீங்க. அவ சொல்றப்பச் சொல்லட்டும்'ங்கறா. எப்படி இருக்குது பாருங்க. லைன் லேட்டா வர்றத நாந்தான் பொறுத்துக்கிட்டு இருக்கோணுமாம். காசு கட்டறது நானு. 'லைன் நல்லாத்தாங்க இருக்குது'ன்னு கூட ஒரு நாள் சொன்னா. உனக்கு அதப் பத்தி என்ன தெரியும்னு ஒரு சத்தம் போட்டேன், எந்திரிச்சுச் சமையக்கட்டுக்குப் போயிட்டா.

இதுல ஒரு நாள் என்ன ஆச்சுன்னா, களத்துல இருக்கறப்பத் திடீர்னு மழை. கொப்பரைய எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிப்போட்டு மத்தியானமே ஊட்டுக்கு வந்துட்டேன். சமையக்கட்டுல ருக்குமணி போனை டப்பாமேல சாச்சு வெச்சுட்டு வெங்காயம் உரிச்சுட்டே பேசறா. அந்தப் பக்கம் பாப்பா. கொட்டறா அம்மிணி, அப்படியே கொட்டறா. ராத்திரி புள்ள உதைக்கறது, ஆபீஸ் சிநேகிதி எவளோ ஊட்டுக்கே மாங்கா கொண்டாந்து குடுத்தது, மாப்பிள்ளை ரசம் வெச்சுக் கெடுத்தது, மூச்சு விடாமச் சொல்றா. நடுவுல ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. எம் பொண்ணு சிரிச்சு நான் கேட்டு எத்தனை நாளாச்சு. ஒரு நொடி கூட லைன் நிக்கல. நான் கதவுக்கிட்ட நின்னு கேட்டுட்டே இருந்தேன். எனக்குச் சந்தோசம் தாங்கல. லைன் செரியாயிருச்சுன்னு நெனச்சு, 'பாப்பா'ன்னு கூப்புட்டுட்டே உள்ள போனேன். ருக்குமணி மொகம் மாறிப்போச்சு. 'அப்பா வந்துட்டாரு சாமி'ன்னா. அவ்வளவுதான், அந்த நிமிசமே நின்னு போச்சு.

ரெண்டு போன் ஒரே எடத்துல இருந்தா ஒண்ணை ஒண்ணு இழுக்குமாட்ட இருக்குதுன்னு, அடுத்த நாள்ல இருந்து எம்பட போனைக் களத்துலயே வெச்சுட்டு வந்து ருக்குமணி போன்ல பேசிப் பாத்தேன். அதுவும் இல்ல. மத்தியானம் லைன் காலியா இருக்கும், சாயங்காலம் ஊரே படம் பாக்கும், அதுதான்னு நெனச்சு மத்தியானத்துல வந்து பேசிப் பாத்தேன். அதுவும் இல்ல.

சமையக்கட்டுல எதுக்கு வெச்சுப் பேசறேன்னு ருக்குமணியையும் ஒரு புடி புடிச்சேன். இந்த ஊட்டுல போன் வந்தா ஹால்ல வெச்சு, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசோணும். செல்போன் ஊட்டுக்குள்ள வந்த நாள்ல இருந்து அதுதான் பழக்கம். ஒளிவு மறைவு இல்லாத குடும்பம் எங்களுது. பாப்பா காலேஜ் படிக்கறப்பக் கூட, கூடப் படிக்கற புள்ளைக போன் பண்ணுனா இந்த டீப்பாய் மேல வெச்சுத்தான் பேசுவா. நான் இதே எடத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருப்பேன். அவங்க என்ன கேட்டாலும் பாப்பா எம்பட மொகத்த ஒரு தடவை பாத்துப்போட்டுத்தான் பதில் சொல்லுவா. அப்படி நெதானமா வளந்த புள்ள. அந்த நெதானம் வேற. இப்ப நான் சொல்றது லைன் கோளாறு.

செரி, ஸ்டாடிக் ஐபிக்கு வர்றேன். அதுக்குத்தானே உங்கள வரச் சொன்னது. உங்க ஆளு ஒருத்தன் போன்ல சொன்னான், 'சார், உங்க லைனுக்கு இப்ப விலாசம் மாறிட்டே இருக்குது. ஸ்டாடிக் ஐபி போட்டுக்கிட்டீங்கன்னா மாறாத விலாசம் கெடைக்கும். நல்லா இருக்கும்'னான். எனக்கு அது நெம்ப நியாயமாப் பட்டுச்சு. தெனமும் ஊடு மாறிட்டிருந்தா தபால்காரன் என்ன பண்ணுவான்? தெருத்தெருவாத் தேடுவான். அதுதான் லேட்டு. ஒரே ஊட்டுல நெலையா இருந்தாக் கண்ண மூடிட்டு வந்து குடுத்துட்டுப் போயிருவான். உடனே போடுறான்னு சொல்லீட்டேன். மாசாமாசம் தனியாக் கட்டோணும்னான், கட்டறேன்னேன். பொன்னுசாமிகிட்டக் கூடச் சொன்னேன், எங்க ஊட்டுக்குத் தனி விலாசம் வாங்கியிருக்கறேன்னு. 'அது என்னத்துக்குங்க?'ன்னாரு. உமக்குப் புரியாதுன்னுட்டேன்.

போட்ட அன்னைக்குச் சாயங்காலமே கூப்புட்டேன். 'பாப்பா, இப்ப லைன் எப்படி இருக்குது?' நிக்குது. நிக்குது. அப்புறம், 'நல்லா இருக்குதுங்கப்பா.' நல்லா இருக்குதுன்னு சொல்றதுக்கே அத்தனை நேரம் ஆச்சு.

என்ன சொல்றீங்க? விலாசம் மாறாம இருந்தா வெளிய இருந்து ஊட்டைக் கண்டுபுடிக்கறதுக்குத்தான் ஒதவுமா? ஊட்டுக் கேமராவ வெளியூர்ல இருந்து பாக்கறவங்களுக்கு, ஊட்டுல சர்வர் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் அது வேணுமா? விலாசத்தை மாத்துனா ரோடு சுருங்காதுங்கறீங்க. போறதும் வர்றதும் அதே ரோடு, அதே நேரந்தான். செரி, இதை அன்னைக்கு உங்க ஆளு ஏங்க சொல்லல? 'நல்லா இருக்கும்'னா என்னங்க அர்த்தம்? மாப்பிள்ளை பாக்கறப்பத் தரகன் சொல்றாப்பல, 'நல்லா இருக்கும்'. எது நல்லா இருக்கும்? யாருக்கு நல்லா இருக்கும்? அந்தத் தடிப்பய மட்டும் எம்பட கையில சிக்கட்டும்.

எப்ப இருந்து இந்தக் கோளாறுன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. முன்னால வந்தவன் இதைக் கேக்கவே இல்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, எந்த நாள்ல ஆரம்பிச்சுதுன்னு. அதைச் சொன்னா உங்க ஆளுகளோட லட்சணம் உங்களுக்கே தெரியும்.

போன வருசம் ஆடி மாசம். வெள்ளகோயில் ஏவாரிக இங்க ஹால்ல உக்காந்து எங்கூடப் பேசிட்டிருக்கறாங்க. வெளிய உங்க ஆளுக கம்பத்துல ஏறி, பழைய ஒயரக் கழட்டிப் புது ஒயரு இழுத்துட்டிருக்கறாங்க. அந்த நேரம் பாத்துப் பாப்பா போன். வழக்கம்போல ஸ்பீக்கர்ல போட்டேன். 'அம்மா இல்லீங்களாப்பா?'ன்னா. அம்மா கடைவீதிக்குப் போயிருக்கறா, எங்கிட்டச் சொல்லுன்னேன். 'அம்மா வந்ததும் பேசறேனுங்கப்பா'ன்னா. எங்கிட்டச் சொல்ல முடியாதது என்ன கண்ணு, சொல்லுன்னேன். சொன்னா. வயித்துல தங்குனது நிக்கல, கலஞ்சு போச்சுன்னு சொன்னா. நான் சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன் அம்மிணி. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

'வேலைய விடு, வண்டியில போகாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டயா? நீயே கெடுத்துப்போட்டயே'ன்னேன். என்ன தப்பாச் சொன்னேன்? எம் பொண்ணு, எனக்கு உரிமை இருக்குது, அக்கறையில சொன்னேன். சொல்லி முடிச்சேன், அந்தப் பக்கம் நின்னு போச்சு. அதுதான் மொத தடவை. நான் ஹலோ ஹலோன்னு கத்தறேன். மூச்சு விடறாப்பல என்னமோ ஒரு இரைச்சல் கேக்குது, பேச்சு வரல. அப்புறம் தானாக் கட்டாயிருச்சு. வெள்ளகோயில்காரர்ல ஒருத்தரு, வயசான மனுசன், பேசிட்டிருந்ததை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அவருக்கு என்ன அவசரமோ. நான் நேரா வாசலுக்குப் போனேன். கம்பத்துமேல இருந்தவன, 'எம் பொண்ணு பேசிட்டிருக்கறப்பவே ஒயரக் கழட்டறயாடா?'ன்னு கேட்டேன். 'உங்க ஊட்டு ஒயர நான் இன்னும் தொடவே இல்லீங்க'ங்கறான். பச்சைப் பொய். அன்னைக்குப் புடிச்ச கோளாறுதான், இன்னைக்கு வரைக்கும் செரியாகல.

நானா? நான் ஓசூருக்குப் போகல. ருக்குமணி அன்னைக்கே பஸ் ஏறிப் போயிட்டா. எனக்கு மக்யா நாள், விடிஞ்சாக் கொப்பரை ஏலம் இருந்துச்சு. அதான் போன்ல பேசிட்டனே.

ஏங்க ஒரு மாதிரியாப் பாக்கறீங்க? எந்திரிங்க, வந்து இந்த ரூமைப் பாருங்க. இது பாப்பாவுக்காகப் புதுசாச் செஞ்சது. பெயிண்ட் அடிச்சிருக்குது, ஏசி மாட்டியிருக்குது, பாத்ரூம்ல வழுக்காத கல்லு போட்டிருக்குது. மேல பாருங்க, தொட்டில் கட்டறதுக்குக் கொக்கி. களத்துல மூட்டை தூக்கறதுக்குக் கொக்கி போடற ஆளைக் கூட்டிட்டு வந்து போட்டேன், நீங்களும் நானும் சேந்து தொங்குனாலும் வராது. திருப்பூர்ல டாக்டரம்மாகிட்டச் சொல்லி வெச்சாச்சு. ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க, 'பொண்ணு எப்பங்க வருது?'ன்னு. நான் என்ன பதில் சொல்றது? லைன் செரியில்லீங்க, இன்னும் சொல்லலைன்னு சொல்றேன். 'அப்படீங்களா'ன்னுட்டுப் போயிடறாங்க. போறப்ப ஒரு பார்வை பாக்கறாங்க, இப்ப நீங்க பாக்கறீங்களே, அதே பார்வை.

நேர்ல போயிக் கேட்டுட்டு வந்தா என்னன்னு நெனைக்கறீங்க. பொன்னுசாமியும் அதையேதான் சொல்றாரு. நான் எதுக்குங்க போகோணும்? மாசாமாசம் காசு கட்டி லைன் எதுக்கு வெச்சிருக்கேன்? நேர்ல போனா மட்டும் என்ன? செரிங்கப்பான்னு சொல்லுவா. வேற என்ன சொல்லுவா? செரின்னுதான் சொல்லுவா. அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போயிட்டு.

செரி, எடுங்க உங்க மிஷினை. வெச்சுப் பாருங்க. என்ன காட்டுது? அதென்னுங்க அது, பிங்கா? இங்க இருந்து போயிட்டுத் திரும்பி வர்ற நேரமா? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பத்துத் தடவை போயிட்டு வந்துருமா? ஸ்டாடிக் ஐபி போடறதுக்கு முன்னாலயும் இதேதான், இப்பவும் இதேதானா? அப்ப லைன்ல ஒண்ணுமே இல்லைங்கறீங்க. அப்பக் கோளாறு எங்க இருக்குது? சொல்லுங்க. எங்க இருக்குது? வாயத் தொறந்து சொல்லுங்க அம்மிணி. ஏன், நீங்களும் நிக்கறீங்களா? உங்களுக்கும் லைன் கோளாறா?

மிஷினை மூடுங்க. மிஷின் பேச்சே வேண்டாம். இப்பவே பாப்பாவைக் கூப்புடறேன், நீங்களே கண்ணால பாத்துக்கங்க. இதோ, ரிங் போகுது. எடுத்துட்டா. பாப்பா, இது இன்டர்நெட்டு ஆபீஸ் அம்மிணி, லைன் பாக்க வந்திருக்கறாங்க. அவங்ககிட்டப் பேசு. பேசுங்க அம்மிணி.

பாத்தீங்களா, உங்ககூட மட்டும் எப்படிப் போகுது. பேரு கேக்கறா. எந்த ஊருன்னு கேக்கறா. 'அப்பா நெம்பச் சத்தம் போட்டாருங்களா, மனசுல வெச்சுக்காதீங்க'ங்கறா. என்ன சிரிப்பு ரெண்டு பேருக்கும். செரி, செரி, போதும், இங்க குடுங்க.

பாப்பா, அப்பா பேசறேன். எப்பக் கண்ணு கூட்டிட்டு வரட்டும்?

இப்பப் பாருங்க. நல்லாப் பாருங்க அம்மிணி. பின்னால ஃபேன் சுத்துதா? சுத்துது. ஜன்னல் துணி ஆடுதா? ஆடுது. கண்ணு சிமிட்டறா. படம் வருது, எல்லாம் வருது, சத்தம் மட்டும் வரல. இதுக்கு உங்க மிஷின் என்ன சொல்லுது? என்ன, மெல்லச் சொல்றீங்க? ஸ்பீக்கர நிறுத்திப்போட்டுக் காதுல வெச்சுத் தனியாப் போயிப் பேசறதா? எதுக்கு? இங்க என்ன ரகசியம் இருக்குது? எம் பொண்ணு, எம்பட ஊடு. கைய எடுங்க, போனைத் தொடாதீங்க.

பாப்பா, அப்பா கேக்கறது கேக்குதா?

இருங்க. வாய் அசையுது. வருது.

கேக்குதா? எப்பவுமே கேட்டுச்சா? அப்புறம் ஏன் கண்ணு பதிலு... என்னது? அங்கயே பாத்துக்கறயா? அம்மாவ மட்டும் அனுப்பறதா? என்ன பாப்பா சொல்றே, இங்க ரூமெல்லாம்... இரு, இரு, லைன் கட்டாகுது. சத்தம் வரல. திருப்பிச் சொல்லு.

திருப்பிச் சொல்றா. இந்தத் தடவை நிக்கவே இல்ல. நான் கேட்டு வாய மூடறதுக்குள்ள வந்துருச்சு.

ஹலோ? ஹலோ, பாப்பா? கேக்கல. அப்பாவுக்கு ஒண்ணுமே கேக்கல கண்ணு. நான் வெக்கறேன். அப்புறம் பேசிக்கலாம். வெக்கறேன்.

என்ன அம்மிணி? உங்களுக்கு என்ன கேட்டுச்சு? ஒண்ணும் கேட்டிருக்காது. கட்டாயிக் கட்டாயித்தானே வந்துச்சு. கேட்டுச்சுன்னு சொல்லாதீங்க. எம் பக்கத்துலதான் நின்னீங்க, எனக்குக் கேக்காதது உங்களுக்கு எப்படிங்க கேக்கும்?

பையை எடுக்காதீங்க. கொஞ்சம் இருந்துட்டுப் போங்க. ருக்குமணி சிவன்மலைக் கோயிலுக்குப் போயிருக்கறா, இப்ப வந்துருவா. வாசல்ல கால வெச்சதும் 'பாப்பா பேசுனாளா, என்ன சொன்னா'ன்னுதான் கேப்பா. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்க. லைன்தான் கோளாறுங்கம்மா, ஒண்ணுமே வெளங்கலைன்னு. நான் சொன்னா அவ நம்ப மாட்டா.